சாலைக்கு அந்தப் பக்கம் உயிரோடிருந்தவள்

வேதம் போதிக்க வெளிநாடு போனேன் என்று சொன்னால், இந்த ஓய்வில்லத்தில் என்னோடு கஞ்சி குடிக்கும் மற்றக் கிழட்டுக் குருமார் எந்த நாடு என்று ஆவலாகக் கேட்கிறார்கள். திண்டுக்கல் என்பேன். சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தானுக்குத் திண்டுக்கல் வெளிநாடா? கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார்கள். சுங்கத்தில் என் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, ஒரு போத்தல் நல்லெண்ணெயை மூன்று பேர் முகர்ந்து பார்த்தார்கள். விதிப்படி அது வெளிநாடுதான். விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வெளிநாடுதான் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் குருப்பட்டம் கிடைத்த புதிது. அங்கே குருமாருக்குப் பற்றாக்குறை, எங்கள் பக்கத்தில் நான் மிச்சம். அப்படித்தான் என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது திருச்சபைச் சட்டம் தலைகீழாகத் தெரியும். பிற்காலத்தில் திருமண வழக்கு மன்றத்தில் இருந்தே காலத்தை ஓட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லில் இறங்கியதும் முதலில் எதிர்கொண்டது தோல் பதனிடும் ஷாப்புகளின் வாசனை. அதற்கு அடுத்தது புகையிலை. புகையிலை வாசனை எனக்குத் தாய்வீட்டு வாசனை என்பதால் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மலைக்கோட்டை எந்தத் தெருவில் திரும்பினாலும் பின்னாலேயே வந்தது. உணவு விடுதியில் இடியப்பம் கேட்டேன்; தேங்காய்ப்பால் சொதி இல்லாமல் சர்க்கரையைத் தூவிக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். தவக்காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

காவல் நிலையத்தில் தலையைக் காட்ட வேண்டும் என்று யாரோ சொன்னதால் அங்கும் போனேன். அவசியமில்லை என்பது எனக்குத் தெரியும், அங்கிருந்தவருக்குத் தெரியாது. நான் தமிழில் பேசப் பேச அவர் வெளிநாட்டானிடம் பேசும் மரியாதையோடு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். கடைசியில் பக்கத்து மேசைக்காரரிடம், "மலையாளத்துச் சாமி போல. நம்ம பாசையும் கொஞ்சம் வருது" என்றார்.

பங்கின் தலைமைக் குரு ஒரு வெள்ளைக்காரர். என் வயதைவிட அதிக காலம் அந்தப் பக்கத்தில் இருந்தவர். எல்லாரும் அவரைப் பெரிய சாமி என்றார்கள். வடமதுரைக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர், முழுக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள், அங்கே போய்ச் சில மாதம் இரு என்றார். ஊரின் பெயரை எழுதமாட்டேன், அந்த ஊராரின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பூசைப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் தம் சொந்த மொழியில் முணுமுணுத்தது எனக்குப் புரியாது என்று நினைத்தார். குருமடத்தில் அந்த மொழியும் படித்திருக்கிறேன். "இவன் கண்ணையாவது விட்டுவையும், ஆண்டவரே" என்றார். வெயிலைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பஸ் பாதி வழியில் கொதித்து நின்றுவிட்டது. ஓட்டுநர் மூடியைத் திறக்க, வெந்நீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. எல்லோரும் இறங்கினோம். காலிப் பூக்கூடைகளோடு பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துக் கண்டக்டர் கத்தினார்:

"ஏ பூக்காரம்மா! அந்தத் தோட்டத்துக் கெணத்துல ரெண்டு வாளி தண்ணி எறச்சுக் குடேன்!"

"ஏன், ஒன் பஸ்ஸுக்கு நாந்தேன் தாகம் தீக்கணுமாக்கும்? டிக்கெட்டுக் காசத் திருப்பிக் குடு, எறைக்கிறேன்."

"காசு கேப்ப நீ! ஓசியில கூட ரெண்டு கூடை ஏத்துறல்ல?"

"கூடைக்கும் டிக்கெட்டுக் கிழி. கூடையவே ஒக்கார வெச்சுட்டு நான் நடந்து வாரேன்."

பஸ் முழுவதும் சிரித்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. கடைசியில் தண்ணீரும் அவள்தான் இறைத்துக் கொடுத்தாள். என் அங்கியைப் பார்த்து ஊர் விசாரித்தாள். எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று சொன்னாள். நான் இறங்கியபோது அவளும் இறங்கினாள். கேட்காமலே என் பூசைப் பெட்டியைத் தூக்கிச் சும்மாட்டின்மேல் வைத்துக்கொண்டாள்.

சாலையைக் கடந்ததும் அவள் பேச்சு நின்றுவிட்டது. எத்தனை குடும்பம், மழை உண்டா, என்ன பயிர் என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே வண்டிப்பாதை. எதிரே வந்த ஒரு கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எனக்குத் தோத்திரம் சொன்னார்.

"தனியாவா வந்தீக சாமி? வண்டி அனுப்பியிருப்போம்ல?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் எனக்கு மூன்றடி பின்னால், தலையில் என் பெட்டியோடு நின்றாள்.

கோவில் வாசலில் உபதேசியார் மரியசூசை காத்திருந்தார். சாமி இல்லாத நாளில் ஊரைக் கூட்டிச் செபம் சொல்கிறவர். சாமி இருக்கிற நாளில் பூசைக்கு லத்தீனில் பதில் சொல்கிறவர். வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல். அவள் பெட்டியைப் படியில் இறக்கி வைத்தாள். உபதேசியார் அதைத் தூக்கிப் பார்த்து, "ஆத்தாடி! இம்புட்டுப் பாரத்த ஒத்த ஆளாச் சுமந்துக்கிட்டு வந்தீகளா?" என்றார்.

"இந்தப் பிள்ளைதான் சுமந்துகொண்டு வந்தவ" என்று காட்டினேன்.

நான் காட்டிய திசையில் அவர் மரியாதையாகப் பார்த்தார். பகலில் நட்சத்திரம் தெரிகிறது என்று ஒருவன் சொன்னால், அவன் மனம் நோகக்கூடாதென்று அண்ணாந்து பார்ப்போமே, அப்படி.

"எந்தப் பிள்ள சாமி?"

அவள் கூடைகளை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் பின்னால் போனாள். வாலாட்டிக்கொண்டிருந்த நாய் எழுந்து அவளைப் பார்த்துக் குரைத்தது. அந்த ஊரில் நாய்களுக்கு மட்டும் உபதேசம் எட்டவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை பீடத்தில் புதுச் செவ்வந்தி இருந்தது. யார் வைத்தது என்றேன். "யாரும் வெக்கலயே சாமி" என்றார் உபதேசியார், பூவை என் கண்முன்னாலேயே ஒழுங்குபடுத்திக்கொண்டு.

அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. கம்பஞ்சோறு. வெஞ்சனம் என்று ஒன்று வைத்தார்கள். மொச்சையும் கத்தரிக்காயும் கருவாடும் ஒரே சட்டியில் சமாதானமாக வெந்திருந்தன. தேங்காய்ப்பால் இல்லாமல் மனிதன் உயிர்வாழலாம் என்பதற்கு அந்த ஊர் ஒரு நிரூபணம்.

உயிர்வாழ்வதைப் பற்றிய மற்ற விஷயத்தைக் கிணற்றடியில் கண்டேன். பெண்கள் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். பூக்காரி வந்தாள். யாரும் விலகவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விழுந்தது. அவள் இறைத்து முடிக்கும்வரை எல்லோருக்கும் வேறெங்கோ பார்க்க வேலை இருந்தது. ஒருத்தி கொண்டையை முடிந்தாள். இன்னொருத்தி வானத்தில் மேகம் தேடினாள். அவள் போனதும் வாளி விட்ட இடத்திலிருந்து ஓடியது. தீண்டாமை என்றால் எனக்குத் தெரியும், அதற்கு முகத்தில் ஒரு வெறுப்பு இருக்கும். இதில் அது இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்ப்பதுபோல இருந்தது. கண்ணாடிக்கு எந்தப் பக்கம் யார் என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரம் சந்தியாகு என்ற நடுவயதுக்காரர் கலியாண ஓலை கொடுக்க வந்தார். விதி இதுதான்: கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் வாசிக்க வேண்டும். பெண் தாடிக்கொம்புப் பக்கம். இவருக்கு இரண்டாம் தாரம்.

"முதல் மனைவி செத்தது நிச்சயமோ?" என்றேன். கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

"அஞ்சு வருசமாச்சு சாமி. மணி அடிச்சாச்சு. குழியும் வெட்டியாச்சு. ஊரே சாட்சி."

"பேர்?"

சந்தியாகு தரையைப் பார்த்தார். உபதேசியார் குறுக்கிட்டார். "செத்தவுக பேரச் சொல்றது இங்க வழக்கமில்ல சாமி. பாவம், மனசு ஒடஞ்சுருவாரு."

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலையை வாசித்தேன். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினேன். சம்பிரதாயமான இடைவெளி, அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்வதில்லை. கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரத்தில், பூக்காரி எழுந்து நின்றாள்.

"தடை இருக்கு சாமி. நாந்தேன் அவரு பொஞ்சாதி. அருளாயி. நான் சாகல. இந்தா, இங்கனதேன் நிக்கிறேன்."

தெளிவான குரல். பஸ்ஸில் கண்டக்டரை மடக்கிய அதே குரல். நூறு தலைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க முயல்பவனின் கழுத்து விறைத்திருக்கும். இவர்களுடைய கழுத்துகள் சாதாரணமாக இருந்தன. தாய் தோளில் கிடந்த ஒரு கைக்குழந்தை மட்டும் அவளைப் பார்த்துச் சிரித்தது. தாய் தூக்கக் கலக்கத்தில் செய்வதுபோலக் குழந்தையின் முகத்தைத் திருப்பி மார்பில் வைத்துக்கொண்டாள்.

"மேக்கொண்டு வாசிங்க சாமி" என்றார் உபதேசியார் மெல்ல.

"தடை சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"யாரும் ஒண்ணும் சொல்லலயே சாமி. வெயிலு ஒத்துக்கலயா? செத்த நேரம் ஒக்காருறீகளா?"

அவர் முகத்தில் இருந்தது உண்மையான கவலை. ஓலையை மடித்து வைத்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தேன்.

பூசை முடிந்ததும் வண்டிப்பாதையில் விரைந்து நடந்தேன். சாலைக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில், அவள் கூடைகளோடு பஸ்ஸுக்கு நின்றாள். நான் சாலையைக் கடந்ததும் முதலில் பேசியது அவள்தான்.

"பயந்துட்டீகளா சாமி? இங்க வாங்க. இந்தப் பக்கம் வந்துட்டா நான் உசுரோடதேன் இருக்கேன்."

நடந்ததைச் சொன்னாள். கடுங்காய்ச்சல். பிழைக்கமாட்டாள் என்று பெரிய சாமியை வண்டி கட்டிக் கூட்டி வந்தார்கள். அவர் அவஸ்தை பூசினார், அதாவது சாகக் கிடப்பவர்களுக்குக் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று மந்திரித்த எண்ணெய் தொட்டு வைக்கும் திருச்சடங்கு. அந்த ஊரில் எண்ணெய் வைத்துவிட்டால் ஆள் முடிந்தது. மூச்சு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. உபதேசியார் துக்க மணி அடித்தார். குழி வெட்டினார்கள். பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்தது. விடிந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

"வெட்டுன குழிய வெறும் வயித்தோட மூடப்படாதுல்ல? வாழைமரத்த வெட்டிக் கோடிச்சேலையச் சுத்திப் பொதச்சுட்டாக. எந்திரிச்சது நான் இல்லயாம். அன்னிக்கிருந்து ஒருத்தருக்கும் கண்ணு தெரியல. கோயிலுக்குப் பின்னாடி சப்பரம் நிறுத்துற கொட்டகை சும்மாக் கெடந்துச்சு. அங்க படுத்துக்கிறேன். கோயில் நெலத்துல பூப்போட்டு திண்டுக்கல்லுல விக்கிறேன்."

சப்பரக் கொட்டகைக்கும் கோவிலை ஒட்டியிருந்த என் அறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். இத்தனை நாளும் அங்கே எலி என்று நினைத்திருந்தேன்.

புருசன் வீட்டுக்குத் திரும்பப் போக விருப்பமா என்று கேட்டேன்.

"அந்தாளு வீட்டுக்கா? தங்கத்துல வாசக்கால் வெச்சாலும் போகமாட்டேன். அவரு யாரக் கட்டுனா எனக்கென்ன? ஆனா மூணு ஓலையும் வாசிச்சு நீங்க தாலியத் தொட்டுக் குடுத்துட்டா, கோயிலும் என்னயச் செத்தவன்னு சொன்னதா ஆயிரும்ல. ஊரு சொல்லட்டும் சாமி. கோயிலு சொல்லப்படாது."

பஸ் வந்தது. "ஏ பூக்காரம்மா, சாமியாரையும் வம்புக்கு இழுக்குறியா?" என்று கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார். அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லலாம் போல இருந்தது எனக்கு. நானும் ஏறித் திண்டுக்கல் போனேன்.

பெரிய சாமி சுருட்டை அணைக்காமலே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "எண்ணெய் வைத்தது நான்தான். அவள் பிழைத்ததும் போய்க் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். ஒரே ஒரு தம்ளரில் மோர் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் ஒருவரும் அவஸ்தைக்கு என்னை அழைப்பதில்லை. எழுந்து உட்கார்ந்துவிடுவோமோ என்று பயம். எண்ணெய் இல்லாமலே சாகிறார்கள்."

ஓலையை நிறுத்த வேண்டும் என்றேன்.

"நிறுத்து. மனைவி உயிரோடிருக்கிறாள், தடை உண்டு. விதிக்கு அதில் சந்தேகமே இல்லை. அவளை அவர்கள் பார்க்கும்படி செய்ய ஒரு விதி இருக்கிறதா என்றுதான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். நீ சின்னவன். நீயும் தேடு."

தேடினேன். உபதேசியாரை உட்காரவைத்துப் பேசியும் பார்த்தேன். அருளாயி என்று பெயர் சொல்லாமல், பொதுவாக ஒரு சட்டப் பிரச்சினைபோல எடுத்தேன். அவரும் பொதுவாகவே பதில் சொன்னார்.

"எண்ணெயிங்கிறது பூட்டு சாமி. கண்ணப் பூட்டியாச்சு, காதப் பூட்டியாச்சு, வாயப் பூட்டியாச்சு. அப்புறம் அந்தக் கண்ணு நம்மளப் பாத்தா அது யாரு கண்ணு? பூட்டுனதத் தெறக்குற செபம் ஒங்க புஸ்தகத்துல இருந்தா ஓதுங்க. நாங்க வேணாங்கலயே."

சடங்குப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். புதுக் கிணற்றுக்குச் செபம் இருக்கிறது. பட்டுப்புழுவுக்கு இருக்கிறது. எண்ணெயை எடுப்பதற்கு இல்லை.

இரண்டாம் ஞாயிறு ஓலையை வாசிக்கவில்லை. அருளாயி உயிரோடு இருக்கிறாள், ஆகவே இந்த விவாகம் நடக்காது என்று பிரசங்கத்தில் சொன்னேன். பிறகு கதவுவரை நடந்துபோய், அவள் செம்பை வாங்கி, எல்லார் முன்னாலும் தண்ணீர் குடித்தேன். எங்கள் ஊராக இருந்தால் அன்று மாலையே ஆயருக்கு மனு பறந்திருக்கும். இங்கே எல்லோரும் அமைதியாகச் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மத்தியானம் சாப்பாடு வரவில்லை.

மறந்திருப்பார்கள் என்று உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உபதேசியார்" என்றேன். அவர் உள்ளே திரும்பி மனைவியிடம், "இன்னுங் கொஞ்சம் வெஞ்சனம் வையி" என்றார். மறுபடி கூப்பிட்டேன். ஈ ஓட்டினார்.

தேநீர்க்கடையில் காசை வைத்தேன். காசு அங்கேயே கிடந்தது. கடைக்காரர் என் தோளுக்கு மேலாக யாரிடமோ, "சாமி திண்டுக்கல்லுக்குப் போயிட்டாகளாம்ல? எப்ப வருவாகளோ" என்று வருத்தப்பட்டார். கிணற்றடியில் எனக்கும் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விழுந்தது. ஞான உபதேசத்துக்குப் பிள்ளைகள் வரவில்லை. எதிரே வந்தவர்கள் மோதாமல், தயங்காமல், தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல என்னைச் சுற்றிப் போனார்கள்.

முதலில் கோபம். பிறகு ஒருவிதமான கூச்சம். வாரத்தின் பாதியில் வேறொன்று வந்தது. சவரக் கண்ணாடியை எடுத்து என் முகத்தைப் பார்த்தேன், தேவைக்கு மேல் நீண்ட நேரம். உரக்கப் பேசிப் பார்த்தேன். தெரு நாய் குரைத்தபோது நிம்மதியாக இருந்தது. ஒரு வாரத்தில் எனக்கு இந்தக் கதி என்றால், அஞ்சு வருடம்?

அருளாயி கம்பஞ்சோறு கொண்டுவந்து என் சன்னலில் வைத்தாள். கோவிலில் தடை சொன்னதைத் தவிர, ஊருக்குள் முதல் தடவையாக வாய் திறந்தாள். செத்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"பழகிரும் சாமி. ஒரு விசயம் நல்லாருக்கும், பாருங்க. நம்ம முன்னாடி எல்லாரும் எல்லாத்தையும் பேசுவாக. ஒளிவு மறைவே கெடையாது."

மூன்றாம் ஞாயிறு மணி அடித்தது நான் இல்லை, உபதேசியார். கோவில் நிறைந்திருந்தது. நான் பூசை உடுப்புகளை அணிந்துகொண்டு வெளியே வந்தபோது அவர் முன்னால் முழங்காலிட்டு, "சாமி வராததுனால இன்னிக்கு ஜெபமாலை சொல்லுவோம்" என்றார். ஊர் முழுக்க ஒரே குரலில் ஆரம்பித்தது.

பீடத்தின் அடிக்குப் போனேன். அந்தக் காலத்துப் பூசை லத்தீனில், மக்களுக்கு முதுகு காட்டி. தேவனின் பீடத்தண்டை போவேன் என்று தொடங்கினேன். பதில் சொல்ல ஒருவன் வேண்டும், சட்டம் அப்படி. ஆண் இல்லாவிட்டால் ஒரு பெண் பதில் சொல்லலாம், ஆனால் பீடத்தின் அருகே வரக்கூடாது, தூரத்திலிருந்தே சொல்ல வேண்டும். அதுவும் சட்டம். கோவிலில் ஐம்பது ஆண்கள் இருந்தார்கள், ஒருவரும் இல்லை.

தூரத்தில், கதவோரத்திலிருந்து, லத்தீனில் பதில் வந்தது. என் இளமையை மகிழ்விக்கும் தேவனிடம் போவேன் என்ற பதில். அஞ்சு வருடம் பேச ஆளில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தவள். உச்சரிப்புகூட உபதேசியாருடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

ஜெபமாலை சத்தம் கூடியது. நானும் குரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள். இரண்டு நதி ஒரே வாய்க்காலில் எதிரெதிராக ஓடுவதுபோல இருந்தது. அப்படியே எழுந்தேற்றத்துக்கு வந்தோம்.

இதை விளக்க வேண்டும். அப்பம் ஆண்டவருடைய சரீரமாகிறது, குரு அதைத் தலைக்குமேல் உயர்த்துகிறார். அந்த ஊரில் அந்த நேரத்தில் சாலையில் போகிறவன்கூட மண்ணில் நெற்றி வைப்பான். சாமியார் இல்லையென்றால் அங்கே பூசை இல்லை. பூசை இல்லையென்றால் உயர்த்தப்படுவது வெறும் அப்பம். கும்பிட்டால் நான் இருக்கிறேன். கும்பிடாவிட்டால் ஆண்டவர் இல்லை. அந்த ஊரார் எதற்கும் பயப்படாதவர்கள், ஆனால் கத்தோலிக்கர்கள்.

உயர்த்தினேன். மணி அடிக்க ஆளில்லை. ஒரு மங்கள வார்த்தை செபத்தின் பாதியில் ஜெபமாலை நின்றது.

எனக்குத் திரும்பிப் பார்க்கத் துடித்தது. அந்த இடத்தில் குரு திரும்பக்கூடாது. மக்களுக்கு நன்மை, அதாவது அந்த அப்பம், கொடுக்கும் கட்டம்வரை முதுகோடுதான் நிற்க வேண்டும். பின்னால் ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை. எல்லோரும் எழுந்து போயிருக்கலாம். செருப்பில்லாத கால்களுக்குச் சத்தம் கிடையாது. நிற்கலாம், பார்க்கலாம், சிரிக்கலாம். நான் சட்டத்தை மதித்து வாழ்ந்தவன்; அதற்கு அவ்வளவு விலை கொடுத்தது அன்று ஒருநாள்தான்.

திரும்பியபோது கோவில் முழுக்க முதுகுகளாகத் தெரிந்தது. எல்லா நெற்றியும் தரையில். கதவோரத்தில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து முழங்காலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து சக்கிறீஸ்து அறையில் உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உபதேசியார் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார்.

"பதில் சொல்ல ஆளில்லாட்டி பூசை செல்லாதுல்ல சாமி?"

செல்லும், ஒழுங்கு மீறல், அவ்வளவுதான். இந்த நுணுக்கத்தை அந்த நேரத்தில் அவருக்கு விளக்குவது அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"நீங்கள் நெத்தி நிலத்திலை முட்டக் கும்பிட்டனீங்கள். அப்ப பூசை நடந்திருக்கு. பதில் சொன்னது ஆர் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். வெளியே கோவில் காத்திருந்தது. மணி அடித்த அதே மனிதர், அதே கணீர்க் குரலில், மெல்லச் சொல்ல நினைத்து முடியாமல் உரக்கவே சொன்னார்:

"அருளாயிதேன்."

சந்தியாகு அறை வாசலுக்கு வந்தார். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, "ஓலைய நிறுத்திருங்க சாமி. இருக்குறப்ப இன்னொண்ணு ஆகாதுல்ல" என்று சொல்லிவிட்டு, பின்பக்கமாகப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் அழுகைச் சத்தம் எழுந்தது. எட்டிப் பார்த்தேன். கோவில் நடுவே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, சாவு வீட்டில் அழுவதுபோலவே அழுதார்கள். நடுவில் அருளாயி. எல்லார் குரலையும் மிஞ்சியது அவள் குரல். யார் செத்துப்போனதற்கு என்று கேட்டால் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அழுது ஓய்ந்ததும் ஒருத்தி மூக்கைச் சிந்தி அவள் தாடையைப் பிடித்துக் கேட்டாள். கேலி இல்லை, மழுப்பல் இல்லை.

"இம்புட்டு நாளா எங்கடி போயிருந்த?"

இப்போது வெடிப்பாள் என்று நினைத்தேன். அஞ்சு வருடம் சேர்த்து வைத்த வார்த்தை இருந்தது அவளிடம்; அந்த நாக்கையும் எனக்குத் தெரியும். அவள் சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"தூரமாத்தேன் போயிருந்தேன் மதினி."

மதினி அவள் தாடையை விட்டுக் கையைப் பிடித்தாள்.

"அங்க... எங்க ஐயாவப் பாத்தியா?"

"பாத்தேன். முட்டுவலி போயிருச்சாம். அந்தக் கெழக்கு வயல விக்கலன்னதும் சந்தோசப்பட்டாரு."

கேட்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி முன்னால் நகர்ந்தாள். எம் பெரிய பயலப் பாத்தியா, எங்க ஆத்தாவப் பாத்தியா. பாத்தேன், பாத்தேன். ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒன்று பதிலாகக் கிடைத்தது. அஞ்சு வருடம் அவள் காதுபடப் பேசாத வீடு ஏது? ஆண்களும் வந்து நின்றார்கள். உபதேசியார் வரிசையின் கடைசியில், கைகட்டி, தம் முறைக்குக் காத்திருந்தார்.

இது மூடநம்பிக்கை, குருவானவன் தடுக்க வேண்டும், கேட்டதை எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். விதி தெரியும் எனக்கு. தடுப்பதற்காகத்தான் வெளியே வந்தேன். வட்டத்தின் ஓரத்துக்கு வந்ததும் அருளாயி முகத்தை நிமிர்த்தினாள்.

"சாமி, மோனைன்னா என்ன?"

எங்கள் ஊரில் தாய் மகனைக் கூப்பிடும் சொல் அது. திண்டுக்கல்லில் அப்படி ஒருவரும் கூப்பிடுவதில்லை. என்னை அப்படிக் கூப்பிட ஒரே ஒருவர்தான் இருந்தார். நான் குருமடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். கடல் கடந்த பிறகு அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னதில்லை. தூக்கத்தில் உளறியிருக்கலாம். ஒரு சுவர்தானே. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

"மகன் எண்டு அர்த்தம்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள் அருளாயி. பிறகு எனக்குப் பின்னால் நின்றவளிடம் திரும்பினாள். "ஒனக்கு யாரு தாயி?"